செயலி துவங்கும்போதே தரவுத்தளத்தைச் சோதிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்வரில் ஓடும் செயலிகளை எழுதுவோருக்காகவும் பராமரிப்போருக்காகவும் எழுதிய பக்கம் இது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், மரியாடிபி, எஸ்கியூலைட் ஆகிய நான்கு தரவுத்தளங்களும் இதில் வரும். போஸ்ட்கிரெஸ் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். எக்ஸ்டென்ஷன் (தரவுத்தளத்தில் தனியாக நிறுவும் கூடுதல் வசதி) சிக்கல்கள் அங்கேதான் அதிகம்.

### துவக்கச் சோதனை என்றால் என்ன?

செயலி எழுந்து, போர்ட்டைத் திறந்து முதல் கோரிக்கையை வாங்கும் முன்பே, தன் நிரல் நம்பியிருக்கும் வசதிகள் எதிரே இருக்கும் தரவுத்தளத்தில் உள்ளனவா என்று கேட்டுவிடுவது. எக்ஸ்டென்ஷன், எழுத்துத் தொகுப்பு, டிரான்சாக்ஷன் (ஒரு தொகுதி மாற்றங்கள் முழுவதும் நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காது என்ற ஏற்பாடு) தாங்கும் டேபிள்கள், எழுதும் அனுமதி, டேபிள் அமைப்பின் பதிப்பு எல்லாம் இதில் அடங்கும். இன்றியமையாத ஏதாவது குறைந்தால் எது குறைகிறது, யார் என்ன செய்ய வேண்டும் என்று லாகில் எழுதிவிட்டுச் செயலி நின்றுவிட வேண்டும்.

### இல்லாத வசதியைத் தொட்டால் எப்படியும் பிழை வரும். முன்கூட்டியே ஏன் சோதிக்க வேண்டும்?

பிழை எப்போது வரும் என்பது முதல் விஷயம். போஸ்ட்கிரெஸில் பெயர்த் தேடலுக்கு பிஜி_டிஆர்ஜிஎம் எக்ஸ்டென்ஷனை நம்பியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புதிய சர்வரில் அதை நிறுவ மறந்துவிட்டார்கள். செயலி எழும், லாகின் வேலை செய்யும், முகப்புப் பக்கம் வரும், கண்காணிப்புப் பலகையில் எல்லாம் பச்சையாக இருக்கும். யாரோ ஒருவர் தேடல் பெட்டியில் பெயரைத் தட்டும்போதுதான் 'அப்படி ஒரு ஃபங்ஷன் இல்லை' என்று 42883 எண்ணுள்ள பிழை வரும். அந்த வசதி மாதக் கடைசியில் ஓடும் அறிக்கையில் மட்டும் பயன்படுவதாக இருந்தால், சர்வரை மாற்றிய ஆள் அதை மறந்தே போன பிறகு சிக்கல் வெளியே வரும்.

இரண்டாவது விஷயம் இதைவிடப் பெரியது: பல நேரங்களில் பிழையே வராது. தரவுத்தளம் உங்கள் கட்டளையை 'சரி' என்று வாங்கிக்கொண்டு, அதைச் செய்யாமல் விட்டுவிடும். துவக்கச் சோதனை எழுத நேரம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால், அதை முழுவதும் இந்த இரண்டாம் வகைக்கே செலவிடுங்கள் என்பேன். பிழை கொடுக்கும் வசதி என்றைக்காவது தன்னைக் காட்டிக்கொள்ளும். சத்தமில்லாமல் போகும் வசதி தரவைக் கெடுத்துக்கொண்டே இருக்கும்.

### சத்தமில்லாமல் போகும் வசதிகள் என்றால் எவை?

மைஎஸ்கியூஎல் 8.0.16க்கு முந்தைய பதிப்புகளில் டேபிள் உருவாக்கும்போது 'தொகை பூஜ்யத்துக்குக் குறையக் கூடாது' என்று செக் கட்டுப்பாடு எழுதினால் கட்டளை பிழையில்லாமல் முடியும். ஆனால் அந்தக் கட்டுப்பாடு எங்கும் சேமிக்கப்படாது. பிறகு மைனஸ் 500 ரூபாயை உள்ளே போட்டால் சாதாரணமாக ஏறிவிடும். 2019இல் வந்த 8.0.16 முதல்தான் மைஎஸ்கியூஎல் இதை மதிக்கிறது. மரியாடிபி 10.2 முதலே மதிக்கிறது.

மைஐசாம் என்ற பழைய சேமிப்பு எஞ்சினில் உள்ள டேபிள்கள் இன்னொன்று. இன்னோடிபி இயல்பு எஞ்சினானது மைஎஸ்கியூஎல் 5.5இல்தான். அதற்கு முன் உருவாகி இன்றுவரை சுமந்து வரப்படும் டேபிள்கள் மைஐசாமாகவே இருக்கலாம். அவற்றில் டிரான்சாக்ஷன் கிடையாது. ரோல்பேக் (செய்ததைத் திரும்பப் பெறு) சொன்னால் ஒரு எச்சரிக்கை மட்டும் வரும், எழுதியது எழுதியதுதான். பெரும்பாலான நிரல்கள் அந்த எச்சரிக்கையைப் படிப்பதே இல்லை. ஒரு கணக்கில் பணம் கழிந்து மறு கணக்கில் ஏறாமல் நிற்கும் நிலை இப்படித்தான் உருவாகிறது. நிரலில் தவறைத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் நிரல் சரியாகவே இருக்கும்.

எழுத்துத் தொகுப்பு தமிழர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது. மைஎஸ்கியூஎல்லில் 'யுடிஎஃப்8' என்ற பழைய பெயர் ஓர் எழுத்துக்கு 3 பைட் வரை மட்டுமே இடம் தரும். நாம் அன்றாடம் தட்டும் தமிழ் எழுத்துகளின் குறியீடுகள் ஒவ்வொன்றும் சரியாக 3 பைட். ஆகவே தமிழ் உள்ளடக்கத்தை எவ்வளவு போட்டுச் சோதித்தாலும் குறை தெரியாது. பயனர் ஒருவர் எமோஜி சேர்த்தால் போதும், 4 பைட் தேவைப்படும். பொருந்தாத தரவை மறுக்கும் ஸ்ட்ரிக்ட் முறை இயங்கினால் பிழை வரும். இல்லையென்றால் எமோஜி இருந்த இடத்திலிருந்து மிச்ச வாக்கியம் முழுவதும் வெட்டப்பட்டுச் சேமிக்கப்படும். எமோஜி மட்டுமல்ல, முந்திரி, காணி, மா போன்ற பழந்தமிழ்ப் பின்னக் குறியீடுகளும் 2019இல் யூனிகோட் 12இல் சேர்க்கப்பட்டபோது 4 பைட் பகுதியில்தான் இடம்பெற்றன. கல்வெட்டோ பழைய நிலக் கணக்கோ பதிவு செய்யும் செயலியாக இருந்தால் 'யுடிஎஃப்8எம்பி4' இல்லாமல் துவங்கவே கூடாது. இணைப்பின் எழுத்துத் தொகுப்பு, நெடுவரிசையின் எழுத்துத் தொகுப்பு இரண்டையும் தனித்தனியே பாருங்கள். ஒன்று சரியாக இருந்து மற்றது பழையதாக இருப்பது சாதாரணமாக நடக்கிறது.

எஸ்கியூலைட்டில் ஃபாரின் கீ கட்டுப்பாடு (ஒரு டேபிள் சுட்டும் வரி மற்ற டேபிளில் இருந்தே ஆக வேண்டும் என்ற விதி), வழக்கமாகக் கிடைக்கும் கட்டமைப்பில், இயல்பாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் பிராக்மா என்ற அமைப்புக் கட்டளை கொடுத்து இயக்க வேண்டும். டிரான்சாக்ஷன் நடுவே கொடுத்தால் அந்தக் கட்டளைக்குப் பலனும் இல்லை, பிழையும் இல்லை.

போஸ்ட்கிரெஸிலும் உண்டு. லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பில் (2018) எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதிகள் பெரிய அளவில் மாறின. தரவுக் கோப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு இயங்குதளத்தை மட்டும் உயர்த்தியவர்களின் இன்டெக்ஸ்கள் பழைய வரிசையிலேயே நின்றன. டேபிளில் இருக்கும் வரி தேடினால் கிடைக்காது, தனித்துவக் கட்டுப்பாட்டையும் தாண்டி இரட்டை வரிகள் நுழையும். போஸ்ட்கிரெஸ் 15 முதல் தரவுத்தளம் உருவானபோது இருந்த வரிசை விதிப் பதிப்பும் இப்போது இருப்பதும் கேட்டால் கிடைக்கின்றன. இரண்டையும் ஒப்பிட ஒரு வரிக் குவெரி போதும்.

### பதிப்பு எண்ணைப் பார்த்தால் போதாதா?

கீழெல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். 'இதற்குக் கீழே நாங்கள் சோதித்ததே இல்லை' என்று சொல்ல அது உதவும். வசதி இருக்கிறதா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது. ஏன் என்பதற்கு நான் அடிக்கடி காட்டும் உதாரணம், வேலை வரிசைகளில் பயன்படும் 'ஸ்கிப் லாக்டு' (வேறோர் இணைப்பு பூட்டிய வரிகளைத் தாண்டிப் போவது). மைஎஸ்கியூஎல்லில் அது 8.0.1இல் வந்தது. நிரலில் 'பதிப்பு 8.0.1 அல்லது அதற்கு மேல்' என்று எழுதிவிட்டால், மரியாடிபி 10.3 கம்பீரமாகத் தேறிவிடும். 10 என்பது 8ஐ விடப் பெரியதுதானே. ஆனால் மரியாடிபியில் அந்த வசதி 10.6இல்தான் வந்தது. இதற்கு நேர் எதிரான கூத்தும் உண்டு: மரியாடிபி 10 வரிசை சர்வர்கள் இணையும்போது தம் பதிப்புக்கு முன்னால் '5.5.5-' என்று சேர்த்துச் சொல்லும். பழைய ரெப்ளிகேஷன் நிரல்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. அதை அப்படியே படிக்கும் டிரைவர், எதிரே இருப்பது 5.5 என்று முடிவு கட்டிவிடும்.

போஸ்ட்கிரெஸ் மொழி பேசும் மற்றவையும் இப்படித்தான். அமேசான் ரெட்ஷிஃப்டிடம் பதிப்பு கேட்டால் தன்னை போஸ்ட்கிரெஸ் 8.0.2 என்கிறது.

பதிப்பை ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் சரமாக ஒப்பிடாதீர்கள். சர ஒப்பீட்டில் '9.6' என்பது '10'ஐ விடப் பெரியது. டெபியன், உபுண்டு தொகுப்புகள் பதிப்புக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் தொகுப்பின் பெயரையும் ஒட்டி அனுப்பும். அதைப் புள்ளி வைத்துப் பிரித்தால் நிரல் தடுமாறும். போஸ்ட்கிரெஸில் 'சர்வர்_வெர்ஷன்_நம்' என்ற அமைப்பு முழு எண்ணாகவே தருகிறது: 9.6.24 என்றால் 90624, 16.4 என்றால் 160004. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதெல்லாம் அதில்தான்.

### போஸ்ட்கிரெஸ் எக்ஸ்டென்ஷனை எப்படிச் சோதிப்பது?

மூன்று நிலைகள் உள்ளன, மூன்றும் வேறு வேறு. எக்ஸ்டென்ஷனின் கோப்புகள் சர்வரின் வட்டில் உள்ளனவா என்பதை 'பிஜி_அவெய்லபிள்_எக்ஸ்டென்ஷன்ஸ்' சொல்லும். இந்தத் தரவுத்தளத்துக்குள் அது நிறுவப்பட்டிருக்கிறதா என்பதை 'பிஜி_எக்ஸ்டென்ஷன்' சொல்லும். எக்ஸ்டென்ஷன் ஒவ்வொரு தரவுத்தளத்திலும் தனியாக நிறுவப்படுவது. அதே சர்வரில் பக்கத்துத் தரவுத்தளத்தில் இருப்பதால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. மூன்றாவது, நிறுவியது உங்கள் இணைப்பின் கண்ணுக்குத் தெரிகிறதா என்பது. வேறு ஸ்கீமாவில் (தரவுத்தளத்தின் உட்பிரிவில்) நிறுவப்பட்டு, உங்கள் தேடல் பாதையில் அந்த ஸ்கீமா இல்லையென்றால் பட்டியலில் பெயர் இருக்கும், அழைத்தால் 42883 வரும்.

ஆகவே பட்டியலைப் பார்ப்பதைவிட, தேவைப்படும் ஃபங்ஷனையே கேட்பது நல்லது. 'டு_ரெக்ப்ரொசீஜர்' என்ற ஃபங்ஷனுக்கு 'சிமிலாரிட்டி', இரண்டு டெக்ஸ்ட் அளவுருக்கள் என்று கையொப்பத்தைக் கொடுங்கள். இருந்து, தெரிந்தால் மதிப்பு வரும். இல்லையென்றால் 'நல்' என்ற வெற்று மதிப்பு வரும், பிழை எழாது. மூன்று நிலைகளுக்கும் ஒரே கேள்வியில் பதில் கிடைத்துவிடும். இல்லை என்று வந்தால் மட்டும் மற்ற இரண்டு பட்டியல்களையும் பார்த்து, 'கோப்பே இல்லை', 'கோப்பு உண்டு, நிறுவவில்லை', 'நிறுவியாயிற்று, தேடல் பாதையில் இல்லை' என்று பிரித்துச் சொல்லலாம்.

வெக்டர் தேடலுக்கான பிஜிவெக்டர் எக்ஸ்டென்ஷனைப் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எச்என்எஸ்டபிள்யூ இன்டெக்ஸ் அதன் 0.5.0 பதிப்பில்தான் வந்தது. சர்வரில் கோப்புகளைப் புதுப்பித்துவிட்டு, தரவுத்தளத்துக்குள் 'ஆல்டர் எக்ஸ்டென்ஷன் அப்டேட்' கொடுக்க மறந்தால், உள்ளே இருப்பது பழைய பதிப்பே. 'இருந்தால் விட்டுவிடு' வகைக் கட்டளையும் அந்தப் பழையதைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடும். இங்கேயும் பதிப்பைத் துருவாமல், 'பிஜி_ஏஎம்' பட்டியலில் எச்என்எஸ்டபிள்யூ என்ற பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

'பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ்' போன்றவை நிறுவினால் மட்டும் இயங்காது. சர்வர் எழும்போதே ஏற்றப்பட வேண்டும், அதற்கு சர்வரை மறுதொடக்கம் செய்ய வேண்டும். அதன் வியூவில் ஒரு வரி கேட்டுப் பார்ப்பதே போதுமான சோதனை.

### செய்து பார்த்தே சோதிப்பது ஆபத்தில்லையா?

சத்தமில்லாமல் போகும் வசதிகளுக்கு வேறு வழியே இல்லை. செக் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தற்காலிக டேபிள், அதில் ஒரே ஓர் எண் நெடுவரிசை, பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு. அதில் மைனஸ் 1ஐ ஏற்றுங்கள். பிழை வந்தால் சோதனையில் தேர்ச்சி, ஏற்றிக்கொண்டால் தோல்வி. தற்காலிக டேபிள் என்பதால் மற்ற இணைப்புகளின் கண்ணில் படாது, இணைப்பு முடிந்ததும் தானாகப் போய்விடும்.

போஸ்ட்கிரெஸில் டேபிள் உருவாக்குவதும் டிரான்சாக்ஷனுக்குள் அடங்கும், ரோல்பேக் செய்தால் சுவடே இருக்காது. மைஎஸ்கியூஎல்லில் நிஜ டேபிளை உருவாக்கினால் நடப்பு டிரான்சாக்ஷன் கமிட் ஆகிவிடும். அங்கே தற்காலிக டேபிளைத் தவிர வேறெதையும் வைத்துச் சோதிக்க வேண்டாம். உண்மையான வாடிக்கையாளர் டேபிள்களில் சோதனை வரி எழுதி அழிப்பதை எங்குமே செய்யாதீர்கள். டிரிகர்கள் ஓடும், தணிக்கைப் பதிவில் ஏறும், வரிசை எண் ஒன்று வீணாகும். எழுதும் அனுமதி உண்டா என்று பார்க்க போஸ்ட்கிரெஸில் 'ஹேஸ்_டேபிள்_பிரிவிலேஜ்' இருக்கிறது. எழுதாமலே பதில் தரும்.

### எஸ்கியூலைட் செயலியோடு சேர்ந்தே வருகிறது. அதற்கும் சோதனை தேவையா?

தேவை. சேர்ந்து வருவது பெரும்பாலும் உங்களுடைய எஸ்கியூலைட் அல்ல. பைத்தான் அந்தக் கணினியில் எந்த நூலகத்தோடு இணைக்கப்பட்டதோ அதுதான் கிடைக்கும். ஆண்ட்ராய்டில் இயங்குதளம் கொடுப்பது கிடைக்கும். ஆண்ட்ராய்டு 11இல் இருப்பது 3.28. எழுதிய வரியை உடனே திருப்பித் தரும் 'ரிட்டர்னிங்' வசதி 3.35இல் வந்தது. கணினியில் ஓடிய குவெரி கைபேசியில் ஓடாமல் போவது இதனால்தான்.

பதிப்பு போதுமானதாக இருந்தாலும், கட்டும்போது எந்தெந்த வசதிகளைச் சேர்த்தார்கள் என்பது வேறு கேள்வி. முழு உரைத் தேடலுக்கான எஃப்டிஎஸ்5 சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று 'எஸ்கியூலைட்_கம்பைல்ஆப்ஷன்_யூஸ்டு' ஃபங்ஷனிடம் கேட்கலாம்.

பிராக்மா விஷயத்தில் ஒரு வழக்கத்தைக் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள்: கொடுத்ததைத் திரும்பப் படியுங்கள். தெரியாத பிராக்மாவை எஸ்கியூலைட் பிழை சொல்லாமல் கடந்துபோகும், ஓர் எழுத்து தவறாகத் தட்டினாலும் தெரியாது. ஃபாரின் கீயை இயக்கிய பின் மதிப்பைக் கேளுங்கள். 1 வந்தால் சரி. 0 வந்தால் இயங்கவில்லை. வரியே வராவிட்டால் அந்தக் கட்டமைப்பில் அந்த வசதியே இல்லை. மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக் கோப்பில் எழுதும் டபிள்யூஏஎல் முறைக்கு மாறச் சொன்னால், உண்மையில் எந்த முறையில் நிற்கிறது என்பதையே பதிலாகத் தரும். அந்தப் பதிலைப் பாருங்கள்.

### குறை தெரிந்தால் நிறுத்த வேண்டுமா, எச்சரித்தால் போதுமா?

தரவு கெடும் வாய்ப்பிருந்தால் நிறுத்த வேண்டும், இதில் சமரசம் வேண்டாம். ஒரு கூடுதல் வசதி மட்டும் போகும் என்றால், அந்த வசதியை அணைத்துவிட்டு ஓடலாம். ஆனால் அணைந்திருப்பது நிர்வாகப் பக்கத்தில் தெரிய வேண்டும். துவக்கத்தில் ஓடும் ஆயிரம் வரிகளுக்கு நடுவே வரும் மஞ்சள் எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை. எச்சரிக்கை போதும் என்று தோன்றும் இடத்தில், 'இதை யார், எப்போது படிப்பார்?' என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் நிறுத்துவதே சரி.

### தரவுத்தளமே இன்னும் எழவில்லை என்றால்?

அது வேறு விஷயம், கலக்கக் கூடாது. இணைப்பு மறுக்கப்படுவதும், போஸ்ட்கிரெஸ் 'இப்போதுதான் எழுந்துகொண்டிருக்கிறேன்' என்று சொல்வதும் காத்திருந்தால் தீரும். இடைவெளி விட்டு மீண்டும் முயலுங்கள். எக்ஸ்டென்ஷன் இல்லாததும் அனுமதி மறுக்கப்படுவதும் (42501) எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் தீராது, உடனே நின்றுவிடுங்கள். இரண்டுக்கும் வேறு வேறு வெளியேற்றக் குறியீடு கொடுத்தால் பராமரிப்பாளர் பார்த்ததும் புரிந்துகொள்வார்.

கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸில் நின்றுபோன செயலி மீண்டும் மீண்டும் எழுப்பப்படும். வழக்கமான அமைப்பில் இடைவெளி 10 விநாடியில் தொடங்கி, இரட்டிப்பாகி, 5 நிமிடத்தில் நிலைக்கும். படிப்படியாக வெளியிடும் முறையில் பழைய பாட்கள் (செயலியின் ஓடும் பிரதிகள்) அதுவரை ஓடிக்கொண்டிருப்பதால் பயனர்களுக்கு ஒன்றும் தெரியாது. துவக்கச் சோதனைக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. ஆனால் இதே சோதனைகளை லைவ்னெஸ் புரோபுக்குள் (பாட் உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது கேட்கும் சோதனை) வைத்துவிடாதீர்கள். தரவுத்தளம் ஒரு நிமிடம் தடுமாறினால் நன்றாக ஓடும் பாட்களையெல்லாம் அது கொன்றுவிடும்.

### பிழைச் செய்தியில் என்ன இருக்க வேண்டும்?

இரவு 2 மணிக்கு உங்கள் நிரலை ஒருபோதும் பார்த்திராத ஒருவர் அதைப் படிப்பார் என்று நினைத்து எழுதுங்கள். 'தரவுத்தளச் சோதனை தோல்வி' என்பதை வைத்து அவரால் எதுவும் செய்ய முடியாது. இப்படி இருக்கலாம்:

'துவங்க முடியவில்லை. பிஜி_டிஆர்ஜிஎம் எக்ஸ்டென்ஷன் இந்தத் தரவுத்தளத்தில் நிறுவப்படவில்லை. சர்வர்: டிபி-2, தரவுத்தளம்: நூலகம், பயனர்: செயலி_பயனர். கோப்புகள் சர்வரில் உள்ளன. உரிமையுள்ள பயனராக இந்தத் தரவுத்தளத்துக்குள் நுழைந்து கிரியேட் எக்ஸ்டென்ஷன் கட்டளை கொடுக்கவும். தேவைப்படும் இடம்: உறுப்பினர் பெயர்த் தேடல்.'

சர்வர், தரவுத்தளம், பயனர் மூன்றும் கட்டாயம். எல்லாம் சரியாக இருக்கிற சர்வரை விட்டுவிட்டு வேறெதிலோ இணைந்திருப்பதுதான் பல முறை உண்மையான காரணம். கடவுச்சொல் மட்டும் லாகில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: முதல் குறையிலேயே நின்றுவிடாமல் எல்லாச் சோதனைகளையும் ஓட்டிவிட்டு, குறைகளை மொத்தமாகச் சொல்லுங்கள். ஒன்றைத் திருத்தி எழுப்பினால் அடுத்தது, அதைத் திருத்தினால் இன்னொன்று என்று ஒருவரை இழுத்தடிப்பது நியாயமில்லை.

### இல்லாததைச் செயலியே நிறுவிக்கொள்ளலாமே?

சிறிய செயலிக்கு, சொந்த சர்வருக்குச் சரி. போஸ்ட்கிரெஸ் 13 முதல் பிஜி_டிஆர்ஜிஎம், பிஜிகிரிப்டோ போன்ற சில எக்ஸ்டென்ஷன்களை, தரவுத்தளத்தில் உருவாக்கும் உரிமை உள்ள சாதாரணப் பயனரே நிறுவலாம். மற்றவற்றுக்கு சூப்பர்யூசர் வேண்டும். தினசரி ஓடும் செயலிக்கு அந்த உரிமையைக் கொடுப்பது, எஸ்கியூஎல் இன்ஜெக்ஷன் ஒன்று நுழைந்தால் சர்வர் முழுவதையும் கொடுப்பதற்குச் சமம். நிறுவுவதை மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாற்றும் நிரல்) செய்யட்டும், தனிப் பயனராக. செயலி பார்த்துச் சொன்னால் போதும்.

### டேபிள் அமைப்பின் பதிப்பைச் சரிசமமாக ஒப்பிடலாமா?

வேண்டாம். 'குறைந்தது இந்த மைக்ரேஷன் வரை ஓடியிருக்க வேண்டும்' என்று கேளுங்கள். 'சரியாக இதுவே இருக்க வேண்டும்' என்று கேட்டால், புதிய பதிப்பு மைக்ரேஷனை ஓட்டிய கணத்திலிருந்து பழைய பதிப்பின் பாட் எதுவும் மறுபடி எழ முடியாது. சிக்கல் வந்து பழைய பதிப்புக்குத் திரும்ப நினைக்கும் நேரத்தில் அந்தக் கதவை நீங்களே சாத்தியிருப்பீர்கள்.

### துவக்கம் தாமதமாகாதா?

ஆகாது. பட்டியல்களைக் கேட்கும் குவெரிகள் சில மில்லி விநாடிகளில் முடியும், பலவற்றை ஒரே குவெரியில் சேர்க்கவும் முடியும். பெரிய டேபிளில் வரிகளை எண்ணுவது போன்றதை மட்டும் இங்கே வைக்காதீர்கள்.

### ஒருமுறை சோதித்தால் போதுமா?

தரவுத்தளத்தின் குணங்களுக்குப் போதும். இணைப்பின் குணங்களுக்குப் போதாது. எழுத்துத் தொகுப்பு, ஸ்ட்ரிக்ட் முறை, எஸ்கியூலைட்டின் ஃபாரின் கீ ஆகியவை ஒவ்வோர் இணைப்புக்கும் தனி. இணைப்புக் குளம் (இணைப்புகளைத் திறந்து வைத்து மறுபடி பயன்படுத்தும் பகுதி) புது இணைப்பு திறக்கும் இடத்தில் அவற்றை அமைத்து, அங்கேயே திரும்பப் படிக்க வேண்டும். நடுவில், இணைப்புகளைப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சர் டிரான்சாக்ஷன் முறையில் இருந்தால், நீங்கள் சோதித்த பின்னணி இணைப்பு வேறு, அடுத்த குவெரி போகும் இணைப்பு வேறு. செஷன் அளவிலான அட்வைசரி லாக் (செயலி தன் தேவைக்குத் தானே போடும் பூட்டு) அங்கே நம்பகமாக வேலை செய்யாது. செயலி அதை நம்பியிருந்தால், நேரடி இணைப்பு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதன்மை சர்வர் விழுந்து வேறொன்று பொறுப்பேற்கும்போதும் மறுசோதனை நல்லது. 'பிஜி_இஸ்_இன்_ரெகவரி' உண்மை என்று சொன்னால் நீங்கள் நிற்பது எழுத முடியாத நகல் சர்வரில்.

### ஜாங்கோ போன்ற ஃபிரேம்வொர்க்குகள் இதைச் செய்துவிடுகின்றனவே?

ஓரளவு. ஜாங்கோ தான் ஆதரிக்கும் குறைந்தபட்சப் பதிப்பைப் பார்க்கிறது. மைஎஸ்கியூஎல்லில் ஸ்ட்ரிக்ட் முறை இல்லையென்றால் எச்சரிக்கிறது. எஸ்கியூலைட்டில் ஜேசன் வசதி இல்லாதபோது பிழை காட்டுகிறது. ஆனால் தரவுத்தளத்தைத் தொடும் சோதனைகள் வழக்கமான 'செக்' கட்டளையில் ஓடுவதில்லை. மைக்ரேட் ஓடும்போதோ, தரவுத்தளத்தின் பெயரைக் குறிப்பிட்டுக் கேட்கும்போதோதான் ஓடும். தவிர, ஃபிரேம்வொர்க்குக்குத் தன் தேவைதான் தெரியும். நீங்கள் கையால் எழுதிய குவெரியில் எந்த ஃபங்ஷனை நம்பியிருக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது.

### இந்தச் சோதனைகள் வேலை செய்கின்றன என்று எப்படி நம்புவது?

குறையுள்ள தரவுத்தளத்தின் முன் நிறுத்திப் பாருங்கள். தானியங்கிச் சோதனையில் எக்ஸ்டென்ஷன் நிறுவாத போஸ்ட்கிரெஸ் கன்டெய்னர் ஒன்று, மைஎஸ்கியூஎல் 5.7 கன்டெய்னர் ஒன்று, படிக்க மட்டும் உரிமையுள்ள பயனர் ஒருவர் என்று வைத்து, ஒவ்வொன்றிலும் செயலி எழ மறுக்கிறதா, சரியான காரணத்தைச் சொல்கிறதா என்று பாருங்கள். செயலியில் 'சோதித்துவிட்டு வெளியேறு' என்றொரு கட்டளை விருப்பம் வைத்தால் இதற்கும் பயன்படும், புதிய சர்வரை ஒப்படைக்கும் முன் பராமரிப்பாளர் தானே ஓட்டிப் பார்க்கவும் பயன்படும். புதிய வசதியை நம்பி ஒரு குவெரி எழுதும் ஒவ்வொரு முறையும், அதே மாற்றத்திலேயே அதற்கான துவக்கச் சோதனையும் வர வேண்டும். நிரல் மறுஆய்வில் நான் முதலில் தேடுவது அதைத்தான்.